முனைகள் சேரும் இடம்

(சென்னை சாந்தோமில் பொறியியல் மாணவர்களுக்கும் பொதுமக்களுக்கும் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எட்டுக் கால் கொண்ட ஒரு சின்னச் சில்லிலிருந்து தொடங்குகிறேன். பெயர் 741. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் டேவ் ஃபுல்லகர் வடிவமைத்து 1968இல் வெளிவந்த ஆப்-ஆம்ப். இரண்டு உள்ளீடுகளுக்கு இடையே உள்ள மிகச் சிறிய வோல்டேஜ் வித்தியாசத்தைப் பெரிதாக்கித் தருவது அதன் வேலை. எலெக்ட்ரானிக்ஸ் லேபில் கால் வைத்த எவரும் இதைத் தொட்டிருப்பார்கள். ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் இன்றும் கேட்டவுடன் எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்த எட்டில் நமக்கு வேண்டிய ஐந்து கால்களைச் சொல்கிறேன். இரண்டாவது கால், எதிர் உள்ளீடு. மூன்றாவது, நேர் உள்ளீடு. நான்காவது, மைனஸ் சப்ளை. ஆறாவது, வெளியீடு. ஏழாவது, பிளஸ் சப்ளை. இது கையில் பிடிக்கிற சில்லு. கணினிக்குள் ஓடும் சிமுலேஷனில் பரவலாகப் புழங்கும் 741 மாதிரிக்கும் ஐந்து முனைகள்தான். ஆனால் அங்கே வரிசை வேறு: நேர் உள்ளீடு, எதிர் உள்ளீடு, பிளஸ் சப்ளை, மைனஸ் சப்ளை, வெளியீடு.

ஒரு மாணவர் சில்லின் கால் எண்ணைப் பார்த்து, ஏறுவரிசையில் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, ஏழு என்று நெட்லிஸ்டில், அதாவது சிமுலேட்டருக்குக் கொடுக்கும் இணைப்புப் பட்டியலில், எழுதுகிறார் என்று வையுங்கள். ஐந்து முனையும் தப்பான இடத்தில் போய் உட்காரும். ஒன்றுகூடத் தப்பாது. நேர் உள்ளீடு எதிராகிவிடும், மைனஸ் சப்ளை போக வேண்டிய இடத்தில் வெளியீடு போய் நிற்கும், வெளியீட்டின் தலையில் பிளஸ் சப்ளை. சிமுலேட்டர் என்ன சொல்லும்? ஒன்றும் சொல்லாது. ஐந்து முனை கேட்டது, ஐந்து கொடுத்தோம். கணக்குச் சரி. ஓடும், ஏதோ ஒரு அலைவடிவத்தை வரைந்தும் காட்டும்.

இன்றைக்கு நான் பேச வந்தது இந்த மௌனத்தைப் பற்றித்தான். ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியே சரியாக இருக்கும். இரண்டு உறுப்பு சேரும் இடத்தில் சர்க்யூட் செத்துப்போகும். அனலாக்கும் டிஜிட்டலும் கலந்த சர்க்யூட்டில் இந்தச் சேர்க்கை பல மடங்கு நுட்பமானது. நம் பாடத்திட்டங்களில் டிரான்சிஸ்டருக்கு ஒரு செமஸ்டர் உண்டு, லாஜிக் கேட்டுக்கு ஒரு செமஸ்டர் உண்டு. இரண்டும் சேரும் இடத்துக்கு ஒரு வகுப்புகூட ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இது எனக்கு வெகுநாள் ஆதங்கம்.

எலெக்ட்ரானிக்ஸ் படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. சில்லைத் தயாரிக்கப் பெரும் பணமும் பல மாதங்களும் ஆகும். செய்தபின் தப்பென்று தெரிந்தால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே சர்க்யூட்டை முதலில் எழுத்தாக எழுதி, கணினியில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். எந்த உறுப்பின் எந்த முனை எந்தக் கணுவில் சேர்கிறது என்று வரிவரியாகச் சொல்லும் அந்த எழுத்துதான் நெட்லிஸ்ட்.

இந்தத் துறையின் மூத்த மென்பொருள் ஸ்பைஸ். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பெடர்சனின் வழிகாட்டுதலில் லாரன்ஸ் நேகல் எழுதி, 1973இல் வெளிவந்தது. அப்போது கணினிக்குத் துளையிட்ட அட்டைகளில்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரு வரிக்கு ஓர் அட்டை. முனைக்குப் பெயர் எழுதி இடத்தை வீணாக்க அன்று யாருக்கும் மனம் வராது. முதல் இடம் கலெக்டர், இரண்டாவது பேஸ், மூன்றாவது எமிட்டர் என்று இடத்தை வைத்தே பொருள் கொண்டார்கள். அட்டை போய் அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இடத்தை வைத்து இணைக்கும் பழக்கம் இன்றும் ஸ்பைஸ் குடும்பத்தில் இருக்கிறது.

மருத்துவமனை வார்டில் மாத்திரை கொடுப்பதை நினைத்துப் பாருங்கள். கட்டில் எண்ணை வைத்துக் கொடுக்கலாம். நோயாளியின் பெயரைக் கேட்டுச் சரிபார்த்துக் கொடுக்கலாம். கட்டில் எண் முறை வேகமானது. ஆனால் ஜன்னல் காற்றுக்காக இரண்டு பேர் இடம் மாறிப் படுத்த அன்று என்ன ஆகும்?

பெயர் சொல்லி இணைக்கும் முறை டிஜிட்டல் பக்கத்திலிருந்து வந்தது. ஐஐடி கான்பூரில் படித்த பிரபு கோயல் தொடங்கிய கேட்வே நிறுவனத்தில், 1980களின் நடுவில் ஃபில் மூர்பி உருவாக்கிய வெரிலாக் மொழியில் இரண்டு முறைக்கும் இடம் உண்டு. வரிசைப்படியும் எழுதலாம், ஒரு புள்ளி வைத்து, முனையின் பெயரை எழுதி, அடைப்புக்குறிக்குள் வயரின் பெயரையும் எழுதலாம். இரண்டாவது முறையில் நாலு எழுத்து கூடுதலாக அடிக்க வேண்டும். தயவுசெய்து அடியுங்கள். நாளைக்கு ஒருவர் அந்த உறுப்பில் புதிதாக ஒரு முனையை நடுவில் செருகினாலும் உங்கள் இணைப்பு குலையாது.

வெரிலாக்கிலும் ஒரு பள்ளம் உண்டு. நீங்கள் அறிவிக்காத ஒரு வயரின் பெயரை முனையில் எழுதினால், மொழி அதைத் தப்பென்று சொல்லாமல், அந்தப் பெயரில் ஒரு பிட் அகலத்துக்குப் புதிய வயரைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். எட்டு பிட் பஸ்ஸின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை போதும். ஏழு பிட் அந்தரத்தில் தொங்கும். இப்படித் தானாக வயர் உண்டாக்காதே என்று சொல்ல ஒரே வரிக் கட்டளை இருக்கிறது: 'டிஃபால்ட் நெட்டைப் நன்'. கோப்பின் முதல் வரியாக அதை எழுதச் சொல்லித் தராத ஆசிரியர், மாணவரின் பல இரவுகளைப் பறிக்கிறார் என்றே நான் சொல்வேன்.

இப்போது கலப்புச் சர்க்யூட்டுக்கு வருவோம்.

அனலாக் முனை என்றால் என்ன? அதில் ஒரு வோல்டேஜ் இருக்கும், ஒரு கரண்ட் ஓடும். இரண்டும் சேர்ந்தே வரும். அதற்குத் திசை கிடையாது. ஒரு ரெசிஸ்டரின் இரண்டு முனையில் எது உள்ளீடு, எது வெளியீடு? கேள்வியே பொருந்தாது. ஒரு கணுவில் சேரும் கரண்ட் எல்லாம் கூட்டினால் பூஜ்யம் என்ற கிர்காஃப் விதியை எல்லாக் கணுவுக்கும் ஒரே நேரத்தில் எழுதி, சிமுலேட்டர் தீர்வு காண்கிறது. நீங்கள் ஒரு முனையில் எதை இணைத்தாலும் அங்கே முன்பிருந்த வோல்டேஜ் கொஞ்சமாவது மாறும்.

டிஜிட்டல் முனையின் பிறவி வேறு. அதற்குத் திசை உண்டு. அதில் கரண்ட் என்ற பேச்சே இல்லை. ஒன்று, பூஜ்யம், தெரியாது என்ற நிலைகள்தான். அந்த நிலை எவ்வளவு அழுத்தமாகப் பிடித்து நிற்கிறது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 1990களின் தொடக்கத்தில் ஜார்ஜியா டெக்கில் ஸ்பைஸோடு டிஜிட்டலைச் சேர்த்து எக்ஸ்ஸ்பைஸ் செய்தவர்கள் மூன்று நிலை, நான்கு அழுத்தம், ஆகப் பன்னிரண்டு என்று வைத்தார்கள். அதுதான் ஸ்பைஸின் வழிவந்த இன்றைய என்ஜிஸ்பைஸுக்குள்ளும் இருக்கிறது.

ஒன்றில் வோல்டும் ஆம்பியரும். இன்னொன்றில் பன்னிரண்டு குறிகள். இந்த இரண்டையும் ஒரு கோடு போட்டு இணைத்தால் அந்தக் கோட்டுக்கு என்ன பொருள்? எதுவும் இல்லை. நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். என்ஜிஸ்பைஸில் அவருக்கு பிரிட்ஜ் என்று பெயர்: அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு ஏடிசி பிரிட்ஜ், திரும்பி வர டிஏசி பிரிட்ஜ். வெரிலாக்கின் கலப்புச் சர்க்யூட் வடிவமான வெரிலாக்-ஏஎம்எஸ் மொழியில் கனெக்ட் மாட்யூல் என்பார்கள்.

ஏடிசி பிரிட்ஜிடம் இரண்டு எண் சொல்ல வேண்டும். எத்தனை வோல்டுக்குக் கீழே பூஜ்யம்? எத்தனைக்கு மேலே ஒன்று? நடுவில் இருந்தால் அது 'தெரியாது' என்று சொல்லும். இந்த இரண்டு எண்ணும் சர்க்யூட்டின் சப்ளையைப் பொறுத்தவை. ஐந்து வோல்ட் சீமாஸ் சில்லு ஒன்று என்று ஒப்புக்கொள்ள 3.5 வோல்டாவது கேட்கும். பழைய டிடிஎல் குடும்பத்துக்கு 2 வோல்ட் போதும், 0.8க்குக் கீழே பூஜ்யம்.

இன்றைய மாணவர்கள் வாங்கும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகளில் பல 3.3 வோல்டில் ஓடுபவை. அதை அப்படியே ஐந்து வோல்ட் எல்இடி பட்டையின் டேட்டா முனையில் இணைக்கிறார்கள். அந்தப் பட்டை 3.5 கேட்கிறது, போர்டு 3.3க்கு மேல் தராது. சில பட்டை எரியும், சில எரியாது; காலையில் எரியும், மாலையில் மினுங்கும். கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடுவார்கள். பிரிட்ஜில் உண்மையான எண்களைப் போட்டு ஒருமுறை சிமுலேஷன் ஓடவிட்டிருந்தால், டிஜிட்டல் பக்கம் முழுக்க 'தெரியாது' என்று நின்றிருக்கும். காரணம் அங்கேயே கையில் கிடைத்திருக்கும்.

டிஏசி பிரிட்ஜிடமும் சொல்ல வேண்டியவை உண்டு. பூஜ்யத்துக்கு எத்தனை வோல்ட், ஒன்றுக்கு எத்தனை, ஏறவும் இறங்கவும் எவ்வளவு நேரம். ஏறும் நேரத்தைப் பூஜ்யத்தை ஒட்டி வைத்தால் அனலாக் பக்கம் திணறும். காலடி நேரம் மிகச் சிறிதாகிவிட்டது என்று நின்றுபோகும். இன்னொன்று, அந்த பிரிட்ஜின் வெளியீடு உள்தடை இல்லாத இலட்சிய வோல்டேஜ் மூலம். கேட்ட கரண்டையெல்லாம் கொடுக்கும். உண்மையான கேட் அப்படிக் கொடுக்குமா? தொடராக ஒரு ரெசிஸ்டர் போடாத சிமுலேஷனில் எல்லாச் சுமையும் இழுபடும். போர்டில் இழுபடாது.

நேரமும் இங்கே இரண்டு விதம். அனலாக் தீர்வு சின்னச் சின்ன அடியாக நடக்கிறது, அடியின் நீளத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. டிஜிட்டல் பக்கம் ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்குத் தாவுகிறது; நடுவில் ஒன்றும் நடக்கவில்லை என்று அதற்குத் தெரியும். அனலாக் 10 நானோ வினாடியிலிருந்து 14க்கு ஓர் அடி எடுத்து வைத்தபின், வோல்டேஜ் 12.3லேயே எல்லையைக் கடந்துவிட்டது தெரிய வரலாம். அப்போது எடுத்த அடியைக் கைவிட்டுத் திரும்பிப் போக வேண்டும். இரண்டு காலங்களும் கைகுலுக்கிக்கொள்ளும் ஒரே இடம் அந்தச் சின்ன பிரிட்ஜ்தான். அங்கே தப்பு நடந்தால் இரண்டு பக்கமும் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டே தப்பான விடை தரும்.

இதையெல்லாம் பழக லட்சக்கணக்கில் உரிமக் கட்டணம் கட்ட முடியாத கல்லூரிகள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கல்வியில் திறந்த மென்பொருளை வளர்க்கும் ஐஐடி பம்பாயின் ஃபாஸி திட்டத்தில், கண்ணன் மௌட்கல்யா அவர்களின் தலைமையில், ஈசிம் என்ற மென்பொருள் உருவானது. முதலில் ஆஸ்கேட் என்ற பெயரில் இருந்தது. காசு கிடையாது. படம் வரைய கைகேட், ஓடவிட என்ஜிஸ்பைஸ். டிஜிட்டல் உறுப்பை விஎச்டிஎல் மொழியில் எழுதினால், என்ஜிஎச்டிஎல் என்ற பகுதி அதை ஜிஎச்டிஎல் என்ற தனி மென்பொருளில் ஓடவிட்டு, இரண்டு நிரல்களுக்கும் நடுவே சாக்கெட் வழியாகப் பேச்சுவார்த்தை நடத்தி வைக்கும். ஏடிசி பிரிட்ஜை நீங்களே படத்தில் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எல்லை எங்கே இருக்கிறது என்று கற்பவர் கண்ணால் பார்க்க வேண்டும். கையால் வைத்தவருக்கு அது மறக்காது.

ஈசிமில் மாணவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் ஓர் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். 7474 என்ற டி ஃபிளிப்-ஃபிளாப் சில்லில் ஒவ்வொரு ஃபிளிப்-ஃபிளாப்புக்கும் பிரீசெட், கிளியர் என்று இரண்டு கால்கள். பயன்படுத்தாதபோது இரண்டையும் ஐந்து வோல்டில் கட்டிவிட வேண்டும். தாழ்ந்தால்தான் அவை வேலை செய்யும். பிரெட்போர்டில் கை பழகிவிட்டது. என்ஜிஸ்பைஸின் உள்ளே இருக்கும் டி ஃபிளிப்-ஃபிளாப் மாதிரியில் செட்டும் ரீசெட்டும் உயர்ந்தால் வேலை செய்பவை. பழக்கதோஷத்தில் அவற்றையும் ஒன்றில் கட்டினால் கிளாக் அடித்துக்கொண்டே இருக்கும், வெளியீடு அசையாது. மாணவர் கிளாக்கைச் சந்தேகிப்பார், டேட்டாவைச் சந்தேகிப்பார், மென்பொருளைத் திட்டுவார். பயன்படுத்தாத முனைதானே என்று அந்த இரண்டையும் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பயன்படுத்தாத முனை என்று ஒன்று கிடையாது, தம்பி, தங்கைகளே. அதை எதில் கட்டினோம் என்பதும் சர்க்யூட்டின் ஒரு பகுதி.

இங்கிருந்து தெற்கே போய் அடையாற்றைத் தாண்டினால் ஐஐடி மெட்ராஸ். அங்கே சாந்தி பவன், நாகேந்திர கிருஷ்ணபுரா ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும் செய்து 2008இல் வெளியிட்ட ஒரு சில்லு இந்தத் துறையில் பெயர் பெற்றது. ஒலியை எண்ணாக மாற்றும் டெல்டா-சிக்மா மாற்றி. 0.18 மைக்ரான் தொழில்நுட்பம், 1.8 வோல்ட் சப்ளை, 24 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலி. அது குடித்த மின்திறன் 90 மைக்ரோவாட். ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. சாந்தி பவனுக்கு 2012இல் பட்நாகர் பரிசு கிடைத்தது.

இந்த வகைச் சர்க்யூட்டை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், அதில் அனலாக்கும் டிஜிட்டலும் ஒரே வளையத்தில் சுற்றுகின்றன. அனலாக் வடிகட்டி, அதன் பின்னால் அளவெடுத்து எண்ணாக்கும் பகுதி, அந்த எண்ணைத் திரும்ப அனலாக்காக்கி, வந்த ஒலியிலிருந்து கழிக்கும் பகுதி. நான்கு பிட் என்றால் பதினைந்து ஒப்பீட்டுச் சர்க்யூட்டுகள், பதினைந்து வயர்கள், பதினைந்து சம எடை மூலங்கள். இப்போது யோசியுங்கள். அந்தப் பதினைந்து வயரைக் குழப்பி, ஐந்தாவதை ஒன்பதாவது மூலத்திலும் ஒன்பதாவதை ஐந்தாவதிலும் இணைத்துவிட்டால்? சிமுலேஷனில் ஒன்றும் தெரியாது. எத்தனை வயர் ஒன்றாக இருக்கின்றன என்பதுதான் கணக்கு, எவை என்பது இல்லை. மூலங்கள் தயாரிப்பில் ஒன்றுக்கொன்று இம்மி பிசகும்போது அந்தப் பிசகைச் சமன்செய்ய, வேண்டுமென்றே அவற்றைச் சுழற்றிச் சுழற்றிப் பயன்படுத்தும் உத்திகூட உண்டு.

ஆனால் கழிக்க வேண்டிய இடத்தில் நேர் முனையும் எதிர் முனையும் இடம் மாறினால், கழித்தல் கூட்டலாகிவிடும். ஒலியைப் பின்தொடர வேண்டிய வளையம் ஒரு கோடியில் போய் முட்டி நிற்கும். ஒரு பிழை தன்னைக் காட்டிக்கொள்ளாது, இன்னொன்று முதல் மைக்ரோ வினாடியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். சேர்க்கையைச் சோதிக்கிறவர், எந்தப் பிழை எப்படித் தோன்றும் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பைனரி வயர்களில் வரிசை மாறினால் கதை வேறு. மூன்று பிட் மாற்றி ஒன்றின் உள்ளீட்டில் மெதுவாக ஏறும் வோல்டேஜைக் கொடுங்கள். வெளியே 0, 1, 2, 3 என்று 7 வரை படி ஏற வேண்டும். 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்று குதித்தால், மேல் பிட்டும் கீழ் பிட்டும் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கின்றன. வேறு எதையும் தேட வேண்டாம். எந்தக் கலப்புச் சர்க்யூட்டையும் முழுதாக ஓடவிடுவதற்கு முன், எல்லையில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். டெல்டா-சிக்மாவில் ஒரு நல்ல நிறமாலை பார்க்க ஆயிரக்கணக்கான கிளாக் சுற்றுகள் ஓட வேண்டும். டிரான்சிஸ்டர் அளவில் அது மணிக்கணக்கில் இழுக்கும். வயர் மாறியதைக் கண்டுபிடிக்க அவ்வளவு நேரம் செலவழிப்பது அநியாயம்.

தரை முனையைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். ஸ்பைஸில் பூஜ்யம் என்ற கணு எங்கே எழுதினாலும் ஒரே இடம். ஒரு மில்லிவோல்ட் வித்தியாசம்கூட இல்லாத தரை அது. உலகத்தில் அப்படி ஒரு தரை கிடையாது. சில்லையும் அதன் காலையும் இணைக்கும் மெல்லிய தங்கக் கம்பிக்கு ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு நானோஹென்றி இண்டக்டன்ஸ் உண்டு. ஐந்து மில்லிமீட்டர் கம்பியில், டிஜிட்டல் பக்கம் ஒரு நானோ வினாடிக்குள் 10 மில்லிஆம்பியர் கரண்டை மாற்றினால், தரை 50 மில்லிவோல்ட் துள்ளும். 1.8 வோல்டைப் பத்து பிட்டாகப் பிரிக்கும் மாற்றிக்கு ஒரு படி என்பது 1.8 மில்லிவோல்டுக்கும் குறைவு. இருபத்தெட்டுப் படி அளவுக்குத் தரையே ஆடுகிறது! சிமுலேஷனில் இரண்டு பக்கத்தையும் பூஜ்யத்தில் கட்டிவிட்டோம், அதனால் அது கண்ணில் படவில்லை. அனலாக் தரை, டிஜிட்டல் தரை என்று இரண்டு கணு வைத்து, இரண்டையும் சின்ன இண்டக்டர் வழியாகப் பூஜ்யத்தோடு சேருங்கள். இரண்டே வரி கூடுதல். பிரிட்ஜ் எந்தத் தரையை வைத்து அளக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் உங்களுக்கு எழும்.

பிரிட்ஜைத் தானே செருகிக்கொள்ளும் மென்பொருள்கள் இன்று வந்துவிட்டன. விலை கொடுத்து வாங்குபவற்றில் நெடுநாளாக உண்டு, என்ஜிஸ்பைஸின் அண்மைப் பதிப்புகளிலும் வந்திருக்கிறது. ஆயிரம் இணைப்புள்ள சில்லில் கையால் வைக்க முடியாது, வசதி தேவைதான். ஆனால் தானாக வரும் பிரிட்ஜ், யாரோ முன்பு தீர்மானித்த எண்களோடு வருகிறது. ஒரே சில்லுக்குள் 1.8 வோல்ட் பகுதியும், வெளியுலகோடு பேசும் 3.3 வோல்ட் பகுதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எந்த எல்லையில் எந்த எண் விழுந்தது என்ற பட்டியலை மென்பொருள் ஒரு கோப்பில் எழுதித் தரும். அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும் பொறியாளர்கள் குறைவு.

இங்கே வந்திருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த செமஸ்டர் லேப் ரெக்கார்டில், சர்க்யூட் படத்துக்கு முன்னால் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு உறுப்பின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு வரி: பெயர், அனலாக்கா டிஜிட்டலா, திசை, எத்தனை வோல்ட், எந்தத் தரை, பயன்படுத்தாவிட்டால் எதில் கட்டியது. அதற்கு மதிப்பெண் கொடுங்கள், அலைவடிவத்துக்குக் கொடுப்பதைவிட ஒன்றாவது கூடுதலாக. மாணவர்கள் முதலில் முணுமுணுப்பார்கள். மூன்றாவது பரிசோதனையில் அந்தப் பக்கத்தை எழுதும்போதே பிழையைப் பிடித்துவிடுவார்கள், சிமுலேட்டரைத் திறக்கும் முன்பே.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மடிக்கணினி கொண்டுவந்திருப்பவர்கள் 741 மாதிரிக் கோப்பைத் திறந்து, முதல் சில வரிகளில் முனைகளின் வரிசை எழுதப்பட்டிருப்பதை இப்போதே பார்க்கலாம்; நான் இங்கேயே இருக்கிறேன்.